தோற்றமும் தன்மையும்

மனிதர் உலகை முதலில் அறிவது கண்ணால். கண்ணுக்குப் புலப்படுவது புறம். அகம் கண்ணுக்கு எட்டுவதில்லை. ஒருவன் உடுத்திய உடை தெரிகிறது. அவன் உள்ளத்தில் ஓடும் எண்ணம் தெரிவதில்லை. கனியின் நிறம் தெரிகிறது. அதனுள் இருக்கும் சுவை தெரிவதில்லை. ஆயினும், அன்றாட வாழ்வில் பெரும்பாலான முடிவுகளைப் புறத்தோற்றத்தைக் கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது. அம்முடிவு சிலபோது சரியாக அமையும். சிலபோது பெருந்தவறாக முடியும். பொருளிழப்பும் புகழிழப்பும், சில வேளைகளில் உயிரிழப்பும் அத்தவற்றினால் விளைவதுண்டு. ஆகவே, தோற்றத்திற்கும் தன்மைக்கும் உள்ள வேற்றுமையை இளையோர்க்கு உணர்த்துவதை எல்லா நாட்டுச் சான்றோரும் தம் கடமையாகக் கொண்டனர்.

உள்ளத்தின் இயல்பு உருவமற்றது. உருவமற்ற ஒன்றை உருவமுடைய ஒன்றால் காட்டினால் அது எளிதில் மனத்தில் பதியும். இதனை அறிந்த சான்றோர் விலங்கு, பறவை, விதை, கருவி முதலியவற்றை அடையாளமாக நிறுத்தி மனித இயல்பை விளக்கினர். இவ்வாறு ஒரு கருத்துக்கு நிலையான அடையாளமாக நிற்பதே குறியீடு எனப்படும். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயை விவிலியத்தில் மத்தேயுவின் நற்செய்தி குறிப்பிடுகிறது. நீலச்சாயத் தொட்டியில் விழுந்து நிறம் மாறிய நரி, காட்டுக்கு அரசனாக நடித்த கதையைப் பஞ்சதந்திரம் கூறுகிறது. ஒன்றையொன்று அறியாத மக்களிடையேயும் இத்தகைய உருவங்கள் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் கார்ல் யுங் (1875–1961) இவற்றை ஆராய்ந்து, மனித மனத்தின் அடித்தளத்தில் பொதுவாக அமைந்த தொல்படிமங்கள் உள்ளன என்று கருதினார். ஒருவர் உலகிற்குக் காட்டும் முகத்துக்கு அவர் வைத்த பெயர், பண்டைய நடிகர் அணிந்த முகமூடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். முகமூடி நாடகத்திற்குத் தேவை. அதனையே முகமென்று நம்புவதுதான் ஏமாற்றம்.

தமிழில் இப்பொருளை மிகச் செறிவாகச் சொன்னவர் திருவள்ளுவர். ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரத்தில் அவர் காட்டும் உவமைகள் பல. மன வலிமை இல்லாதவன் தவக்கோலம் பூணுவதைப் பசு ஒன்று புலியின் தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேய்வதற்கு ஒப்பிடுகிறார். தவவேடத்தில் மறைந்து தீமை செய்பவனை, புதரின் பின்னே மறைந்திருந்து பறவைகளைப் பிடிக்கும் வேடனுக்கு ஒப்பிடுகிறார். பார்வைக்குச் செம்மையாகவும் உள்ளே கருமையாகவும் இருப்பவரைக் குன்றிமணியைக் காட்டி விளக்குகிறார்.

குன்றிமணிக் கொடி தமிழகத்துப் புதர்க்காடுகளிலும் வேலிகளிலும் படர்வது. அதன் காய் முற்றி வெடித்தால், பவளம்போற் சிவந்த விதைகள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொரு விதையின் முனையிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். திருவள்ளுவர் சுட்டியது அந்தக் கருமையை. அவ்விதையினுள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதை இக்கால வேதியியல் கண்டறிந்திருக்கிறது. விதையின் ஓடு மிகக் கடினமானது. ஓடு உடையாதவரை நஞ்சு பெரும்பாலும் வெளிப்படுவதில்லை; மென்றாலோ பொடித்தாலோ உயிருக்கே கேடு. ஆயினும், இந்த விதையைத்தான் பொற்கொல்லர் பல நூற்றாண்டுகளாகப் பொன் நிறுக்கும் எடையாகப் பயன்படுத்தினர். விதைகள் ஏறத்தாழ ஒரே எடையில் அமைவதே அதற்குக் காரணம். நஞ்சு பொதிந்த விதையே நேர்மையான எடைக்கும் துணை நின்றது. குறியீடு ஒரு பொருளின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது என்பதற்கு இதுவே சான்றாகும்.

புறம் அழகாக இருந்து அகம் தீதாக இருப்பது ஒருவகை. புறம் எளிதாக இருந்து அகம் பெரிதாக இருப்பது மற்றொருவகை. இரண்டாம் வகைக்குத் திருவள்ளுவர் காட்டும் குறியீடு தேரின் அச்சாணி. உருண்டோடும் பெரிய தேரைக் காண்பவர் அதன் கொடியையும் சிற்பத்தையும் வியப்பர். சக்கரம் கழன்று விழாமல் காக்கும் சிறிய ஆணியை எவரும் நோக்குவதில்லை. ஆணி கழன்றால் தேர் நிலத்தில் சாயும். எனவே, வடிவின் சிறுமை கண்டு ஒருவரை இகழலாகாது என்பது அவர் கருத்து. தீயவனை நல்லவன் என்று நம்புவது எவ்வளவு பெரிய பிழையோ, பயனுடையவனைப் பயனற்றவன் என்று தள்ளுவதும் அவ்வளவு பெரிய பிழையே.

இக்குறியீடுகள் ஏட்டில் மட்டும் வாழ்ந்தவை அல்ல, கல்லிலும் செதுக்கப்பட்டன. சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் புடைப்புச் சிற்பத்தொகுதி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உடைய பாறைமுகத்தில் தேவரும் முனிவரும் விலங்குகளும் நிறைந்திருக்கின்றனர். கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் ஒருவரை அங்குக் காணலாம். அவர் அருச்சுனர் என்பாரும் பகீரதர் என்பாரும் உளர். அதே பாறையில், பெரிய யானைகளின் அருகே, பூனை ஒன்று பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றி விளையாடுகின்றன. மேலே தவம், கீழே தவத்தின் போலி. இரண்டிற்கும் கைகள் உயர்ந்த கோலம் ஒன்றே. சிற்பி இரண்டையும் ஒரே பாறையில் வைத்துக் காண்பவரின் அறிவுக்கு ஒரு சோதனை வைத்துவிட்டான்.

அப்பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் பூனை ஒன்று கைகளை உயர்த்தி நின்று தவம் செய்வதாகப் பாவனை காட்டியது. பறவைகளும் எலிகளும் அதனை நம்பின. தம்மைக் காக்குமாறு எலிகள் வேண்டிக்கொண்டன. பூனையோ, தவத்தால் தன் உடல் மெலிந்துவிட்டதென்றும், நாள்தோறும் தன்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்றும் கூறியது. அவ்வாறே எலிகள் துணை சென்றன. நாளடைவில் பூனையின் உடல் பருத்தது. எலிகளின் தொகை குறைந்தது. இறுதியில் அறிவு முதிர்ந்த எலி ஒன்று உண்மையைக் கண்டுரைத்தது. காயும் கிழங்கும் மட்டும் உண்பதாகச் சொல்லும் தவசியின் எச்சத்தில் மயிர் கிடப்பது எங்ஙனம் என்பதே அது எழுப்பிய வினா. அவ்வெலி பூனையின் கோலத்தை ஆராயவில்லை. அதன் சொல்லையும் ஆராயவில்லை. அதன் செயலால் விளைந்த பயனை ஆராய்ந்தது. அதனாலேயே எஞ்சிய எலிகள் உயிர் தப்பின.

இக்கதையில் மற்றொரு நுட்பமும் உண்டு. இதனை மகாபாரதத்தில் சொல்லியனுப்புபவன் துரியோதனன். உலூகனைத் தூதாக விடுத்து, தருமரே அப்பூனை என்று பழித்துரைக்கச் செய்தான். சூதினால் நாட்டைக் கவர்ந்தவன் அறநெறி தவறாதவரைப் போலித்தவசி என்று ஏசினான். பிறரைப் போலி என்று உரக்கக் கூறுவதும் ஒரு வேடமாகலாம் என்பதை இது காட்டுகிறது. குற்றம் சாட்டப்படுபவரை ஆராயும்போது குற்றம் சாட்டுபவரையும் ஆராய்தல் வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிற்பத்தைப் போலவே பல்லவர் நினைவைத் தாங்கி நிற்கும் ஊர், தாம்பரத்திற்கு வடக்கே உள்ள பல்லாவரம். 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது இவ்வூரும் அதனுள் அடங்கியது. இங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. ஐந்து கருவறைகளை உடைய அக்குகையில் அவ்வரசனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது முசுலிம் மக்களின் வழிபாட்டிடமாயிற்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இம்மகேந்திரவர்மன் கலைஞன்; நாடக ஆசிரியனும் ஆவான். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் வடமொழி நகைச்சுவை நாடகம் அவன் இயற்றியது. போலித்துறவே அந்நாடகத்தின் பொருள்.

கதை நிகழும் இடம் காஞ்சி மாநகரம். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் கள்ளுண்டு மயங்கித் திரிகிறான். அவன் ஏந்தும் மண்டையோட்டுக் கலம் காணாமற் போகிறது. அவ்வழியே நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி வருகிறான். வெளிக்கோலத்தில் அவன் துறவி. உள்ளத்திலோ, கள்ளையும் காமத்தையும் விலக்கிய விதிகளை எண்ணிப் புழுங்குபவன். அவன் ஆடையினுள் எதையோ மறைத்துச் செல்வதைக் கண்ட காபாலிகன், தன் கலத்தைத் திருடியவன் அவனே என்று பூசலிடுகிறான். வழக்கைத் தீர்க்க வந்த பாசுபதனாலும் முடிவு காண இயலவில்லை. துறவி மறைத்து வைத்திருந்தது அவனுடைய பிச்சைப் பாத்திரமே. பின்னர்ப் பித்தன் ஒருவன் வருகிறான். காணாமற்போன மண்டையோடு அவன் கையில் இருக்கிறது. அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாய். நாயிடமிருந்து பறித்தவன் அப்பித்தன்.

இந்நாடகத்தின் நகைச்சுவைக்குள் நீதி ஒன்று மறைந்துள்ளது. நாகசேனனின் உள்ளம் தூயதன்று. ஆயினும் அவன் திருடன் அல்லன். ஒருவனிடம் ஒரு குறை இருக்கக் கண்டதும், எல்லாக் குற்றத்தையும் அவன் தலையில் ஏற்றுவது அறமாகாது. அறிவுடையோராகத் தோன்றிய மூவரும் தேடிய பொருள், அறிவிழந்தவன் என்று கருதப்பட்டவன் கையில் இருந்தது. அரசன் எள்ளி நகையாடியது சமயங்களை அன்று; சமயக் கோலத்தை மட்டும் சுமந்து திரிந்தவரையே என்று கொள்ளுதல் தகும்.

அதே பல்லாவரத்தில், பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், புறத்தோற்றத்தைக் கடந்து நோக்கிய ஒருவரின் கண் இந்திய வரலாற்றையே மாற்றியது. இராபர்ட் புரூசு பூட் என்பவர் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அறிஞர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சரளை தோண்டியவர்க்கு அது எத்தனையோ கற்களுள் ஒன்று. பூட் அதன் விளிம்பை நோக்கினார். இரு பக்கமும் சில்லுகள் முறையாகப் பெயர்க்கப்பட்டிருந்தன. இயற்கை உடைத்த கல்லாக அது அவருக்குத் தோன்றவில்லை. மனிதக் கை செதுக்கிய கருவி என்று கண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததை ஐயமற நிறுவிய கைக்கோடரி அதுவே. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அங்குள்ள பழைமையான கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது. காலில் இடறும் கல்லுக்குள் இவ்வளவு நீண்ட வரலாறு அடங்கியிருந்தது. அதனை வெளிக்கொணர்ந்தது, பயன்பட்ட தழும்பைத் தேடிப் பார்க்கும் பயிற்சி.

இனி, குறியீட்டினாலேயே தீங்கு நேரும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். பாம்பு என்றவுடன் நஞ்சும் வஞ்சமும் நினைவுக்கு வருகின்றன. நன்றி கொன்றவனையும் பகைமை மறைத்தவனையும் பாம்பு என்று ஏசுவது உலக வழக்கு. ஆனால், இந்தியாவிலுள்ள முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாம்பு வகைகளுள் மிகப் பெரும்பாலானவை மனிதர் உயிருக்குத் தீங்கு செய்வன அல்ல. மனித உயிருக்குப் பெரிதும் இடர் விளைப்பவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்காகும். எலிகளை உண்டு உழவனுக்கு உதவும் சாரைப்பாம்போ, நாகம் என்று தவறாகக் கருதப்பட்டுப் பன்முறை அடிபட்டு மடிகிறது. மண்ணுளிப்பாம்பின் வால் மழுங்கித் தலைபோல் தோன்றுவதால் அதற்கு இருதலை உண்டு என்னும் பொய்க்கதை பரவிற்று. அப்பொய்யை நம்பி அதனைப் பிடித்து விற்பாரும் உளர். அது சட்டத்தால் தண்டிக்கப்படும் குற்றமாகும்.

தாம்பரம், சேலையூர், வண்டலூர் முதலிய ஊர்களில் புதர்க்காடும் ஏரிக்கரையும் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்துள்ளன. அங்கெல்லாம் பாம்புகள் மனைக்குள் வருவது இயல்பு. அவற்றுள் வெள்ளிக்கோல் வரையன் என்பது பல்லிகளைத் தேடி இரவில் வீட்டினுள் நுழையும் நஞ்சற்ற பாம்பு. அதன் கரிய உடலில் வெண்ணிறப் பட்டைகள் இருக்கும். கட்டுவிரியனுக்கும் கரிய உடல், அதற்கும் வெண்பட்டைகள், அதுவும் இரவில் உலவுவதே. முன்னதன் பட்டைகள் கழுத்துப் பக்கத்தில் தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். பின்னதன் பட்டைகள் தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி வாலை நோக்கித் தெளிவுறும். அவை பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். இவ்வேற்றுமை நூலிற் படிக்க எளிது. இருண்ட அறையில் காண அரிது. விரியனை வரையன் என்று எண்ணிக் கையால் எடுத்தால் உயிர் போகும். வரையனை விரியன் என்று எண்ணி அடித்தால் தீங்கற்ற உயிர் மாயும்.

கட்டுவிரியனின் கடியிலும் தோற்றம் ஏமாற்றுவதாகவே அமைந்துள்ளது. தரையில் உறங்குபவரை அது கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் மிகக் குறைவு. எறும்பு கடித்தது என்றெண்ணி மீண்டும் உறங்கிவிடுவாரும் உண்டு. நஞ்சோ நரம்புகளைத் தாக்கி, மூச்சுவிடும் தசைகளைச் செயலறச் செய்துவிடும். ஆகவே, ஐயம் தோன்றிய அளவிலேயே கடிபட்டவரை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். பாம்பை அடையாளம் காணும் முயற்சியில் காலத்தை இழத்தலும், அதனைப் பிடிக்க முயலுதலும் கூடா. வீட்டில் பாம்பு தென்பட்டால் விலகி நின்று, பயிற்சி பெற்றோரை அழைப்பதே அறிவுடைமை.

அத்தகைய பயிற்சியை வழிவழியாகப் பெற்றவர் இருளர் என்னும் பழங்குடியினர். நிலத்தில் பதிந்த மெல்லிய தடத்தைக் கண்டு, எவ்வகைப் பாம்பு எத்திசையில் சென்றது என்று கூறவல்லவர் அவருள் உளர். எளிய உடையும் ஏழ்மையும் மட்டுமே கண்ட உலகம் இவர்களின் அறிவை நெடுங்காலம் அறியவில்லை. 1978-ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. பிடித்த பாம்புகளிலிருந்து நஞ்சை எடுத்தபின், அவற்றை மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அச்சங்கத்தின் வழக்கம். அந்நஞ்சைச் சிறு சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து, நஞ்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. உயிரைக் கொல்லும் நஞ்சே உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலமாகிறது. செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அங்குப் பெருகிக் கேடு விளைத்த மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023-ஆம் ஆண்டு அவ்விருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. திருவள்ளுவர் காட்டிய அச்சாணிக்கு இதனினும் தக்க சான்று வேறு வேண்டுவதில்லை.

மக்களைப் போலவே நிலமும் தோற்றத்தால் இகழப்படுவதுண்டு. தாம்பரத்திற்குக் கிழக்கே, வேளச்சேரிக்கு அப்பால் பரந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கோரையும் நாணலும் சேறும் நிறைந்த அவ்விடத்தில் நெல் விளையாது. மாளிகை எழுப்பத் தக்க கெட்டி நிலமும் அதுவன்று. எனவே, அது பயனற்ற நிலம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஒருபுறம் நகரத்துக் குப்பை மலைபோல் கொட்டப்பட்டது. மறுபுறம் மண் நிரப்பிக் கட்டடங்கள் கட்டப்பட்டன. பழைய பரப்பின் பெரும்பகுதி இவ்வாறு மறைந்தது.

அந்நிலத்தின் உண்மைத் தன்மை மழைக்காலத்தில் வெளிப்படும். தென்சென்னையைச் சூழ்ந்த பல ஏரிகளின் மிகைநீர் தாழ்ந்த அவ்விடத்தை நோக்கியே ஓடிவருகிறது. சதுப்பு அந்நீரைப் பஞ்சுபோல் ஏற்றுத் தாங்குகிறது. ஒரு பகுதியை நிலத்தடிக்கு அனுப்புகிறது. எஞ்சியதை ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்ல விடுகிறது. அங்கிருந்து நீர் கோவளம் கழிமுகத்தை அடைந்து கடலிற் கலக்கிறது. சதுப்பு சுருங்கினால் நீர் தங்க இடமின்றி மக்கள் குடியிருப்பில் புகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதி மக்கள் இவ்வுண்மையைத் தம் இல்லங்களுக்குள்ளேயே கண்டனர். அதற்கு முன்பே, 2007-ஆம் ஆண்டு, சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2022-ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்பு, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வெறுஞ்சேறு என்று கருதப்பட்டது நகரின் காவலன் என்பது தெளிவாயிற்று.

அச்சதுப்பில் கொக்குகள் அசையாது நிற்பதைக் காணலாம். கொக்கை வஞ்சகத்தின் குறியீடாகப் பஞ்சதந்திரம் காட்டுகிறது. மீன்களைக் காப்பதாகச் சொல்லித் தூக்கிச் சென்று தின்ற கொக்கின் கதையைப் பலரும் அறிவர். திருவள்ளுவரோ அதே பறவையைக் காலம் அறிந்து காத்திருக்கும் அறிவுக்கு உவமையாக்கினார். ‘மூதுரை’யில் அது, அடங்கியிருப்பவரை அறிவிலர் என்று எண்ணி வெல்ல முயலலாகாது என்னும் நீதிக்குச் சான்றாகிறது. பறவை ஒன்று, அதன் நிலையும் ஒன்று, பொருளோ மூன்று. உண்மையில் அக்கொக்கு வஞ்சகனும் அன்று, ஞானியும் அன்று, பசிக்கு இரை தேடும் பறவை. வஞ்சமும் அறிவும் அடக்கமும் மனிதரிடத்தே உள்ளவை. அவற்றைக் காட்டும் கண்ணாடியாகவே கொக்கைச் சான்றோர் நிறுத்தினர்.

ஆகவே, குறியீடு அறிவுக்குத் தொடக்கம், முடிவு அன்று. பூனையைக் கண்டவுடன் போலி என்றும், பாம்பைக் கண்டவுடன் பகை என்றும், காவியைக் கண்டவுடன் தூய்மை என்றும், கந்தலைக் கண்டவுடன் தாழ்வு என்றும் முடிவு செய்வோர், புறத்தோற்றத்தை விட்டு மற்றொரு தோற்றத்தைப் பற்றியவரே ஆவர். குறியீட்டையே உண்மையாகக் கொள்ளுதலும் ஒருவகை ஏமாற்றமே.

அங்ஙனமாயின், உண்மையை அறியும் வழி யாது? அதனையும் திருவள்ளுவரே அம்பையும் யாழையும் வைத்து விளக்கியுள்ளார். அம்பு வடிவால் நேரானது, செயலால் கொடியது. யாழ் வடிவால் வளைந்தது. செயலால் இனிய இசை தருவது. அவைபோல மக்களையும் அவர்தம் செயலால் உணர்ந்துகொள்க என்பது அவர் காட்டிய நெறி. முதிர்ந்த எலி பூனையை அறிந்தது இந்நெறியால். பூட் கல்லை அறிந்தது அதன் மேல் பதிந்திருந்த செயலின் தழும்பால். சதுப்பின் பெருமை வெளிப்பட்டதும் மழைநாளில் அது செய்த பணியால்.

செயலைக் காணக் காலம் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஒரு செயலைக் கொண்டு ஒருவர் வாழ்வு முழுவதையும் அளந்துவிடாத நடுநிலையும் வேண்டும். புதிதாக வகுப்பிற்கு வரும் மாணவனின் கிழிந்த சட்டையும், தெருவில் இனிக்கப் பேசி வரும் அயலானின் நயமும் ஒரே வகையான சோதனைகள். முன்னவனை இகழாமலும் பின்னவனை ஆராயாமல் நம்பாமலும் இருக்கக் கற்றவர், நூலில் உள்ள உவமையை வாழ்வில் கற்றவராவர். அவ்வாறு பிறரை அளக்கும் கோலால் தம்மையும் அளந்து, உள்ளத்திற்கும் கோலத்திற்கும் வேற்றுமை இல்லாமல் வாழ்வதே கல்வியின் பயனாகும்.